அப்பா நாற்காலியில் தூங்குகிறார்: கணையப் புற்றுநோய் வலிக்கு நரம்பு ஊசி எப்போது?

வாசகர் கடிதம்:

என் அப்பாவுக்கு 64 வயது. பிறையில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன்பு கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கட்டி ரத்தக் குழாயைச் சுற்றியிருப்பதால் ஆபரேஷன் செய்ய முடியாதாம். இப்போது கீமோ நடக்கிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலிதான் அவரை வாட்டுகிறது. படுத்தால் கூடுகிறது. அதனால் ராத்திரி முழுக்க ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்து, அதில் குனிந்தபடி தூங்குகிறார். மார்ஃபின் தண்ணி மருந்து கொடுத்திருக்கிறார்கள். ‘இது போதை மருந்து, பழகிப்போயிடும்’ என்று பாதிதான் குடிக்கிறார். குடித்தால் நாலைந்து நாளைக்கு வெளிக்குப் போவதில்லை. சென்ற வாரம் டாக்டர், வயிற்று நரம்புக்கு ஊசி போட்டால் வலி குறையும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், அதெல்லாம் கடைசிக் கட்டத்தில் போடுவது என்கிறார் பெரியப்பா. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் அண்ணன். இந்த ஊசி என்னதான் செய்யும்? ஆயுளைக் குறைக்குமா? இப்போதே போடலாமா?

– பட்டர்வொர்த் வாசகி

அன்புச் சகோதரிக்கு,

ஸ்கேன், கீமோ, டாக்டர் சொன்னது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது அந்த நாற்காலியில். இருபது வருடத்துக்கு மேலாக வலி மருத்துவம் பார்க்கிறேன். கணையத்தில் கட்டி உள்ளவர்கள் பலர் இப்படித்தான் ராத்திரியைக் கழிக்கிறார்கள். சிலர் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வாசலில் நிறுத்திய காருக்குள் போய் ஸ்டீயரிங்கில் சாய்ந்து தூங்குவாராம். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. மல்லாந்து படுத்தால் அந்த இடம் இழுபட்டு வலி ஏறும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் தளரும். உங்கள் அப்பாவின் உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அந்த நாற்காலி. இந்த ஊசிக்கு ஏற்ற வகை வலிதான் இது என்பதற்கும் அதுவே ஓர் அடையாளம்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் தாமாகவே இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார் என்றால் தள்ளிப்போடாதீர்கள். வலி மருத்துவரை இப்போதே பாருங்கள். ஊசி போடுவதா வேண்டாமா என்பதை அப்பா அங்கே தீர்மானிக்கட்டும். ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருந்து, கடைசியில் அந்த ஊசியே போட முடியாத நிலைக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளின் வலி மூளைக்குப் போக ஒரு சந்திப்பைக் கடக்க வேண்டும். நெஞ்சுக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் மட்டத்தில், முதுகெலும்புக்கு முன்னால், பெருந்தமனியை அணைத்தபடி வலைபோல ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. சீலியாக் பின்னல் என்பார்கள். கணையம், கல்லீரல், பித்தப்பை, இரைப்பை, மண்ணீரல், சிறுகுடல் எல்லாவற்றின் வலிச் செய்தியும் இந்த இடத்துக்கு வந்துதான் தண்டுவடத்துக்கு ஏறும். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகிற கார், லோரி எல்லாம் பாலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதுபோல. அந்த இடத்தில் வழியை அடைத்துவிட்டால் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் வலி மட்டும் மேலே போய்ச் சேராது.

இது நேற்று வந்த புது வைத்தியம் என்று பெரியப்பா நினைத்தால் அவரிடம் சொல்லுங்கள்: மாக்ஸ் காப்பிஸ் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், முதுகு வழியாக ஊசி செலுத்தி இந்த நரம்புகளை மரக்கச் செய்யும் முறையை 1914-ல் விவரித்தார். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மாறியதெல்லாம் ஊசி போகும் வழியை நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே செலுத்த முடிவதுதான். அன்றைக்கு எலும்பைத் தொட்டுத் தடவிக் கணக்குப் போட்டார்கள். இன்றைக்கு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று மூன்று கண்கள் இருக்கின்றன.

அப்பா பயப்படுவது தெரியாத ஒன்றைப் பற்றி என்பதால், அன்று என்ன நடக்கும் என்று விரிவாகவே எழுதுகிறேன். படித்துக் காட்டுங்கள்.

முதுகு வழியாகச் செய்யும் முறையில், காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். கையில் டிரிப் ஏற்றி, உடம்புக்கு நிறைய நீர் கொடுப்பார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எக்ஸ்ரே மேசையில் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை கொடுப்பார்கள். குப்புறப் படுக்க முடியாதவருக்கு அதற்கு முன்பே வலி மருந்தும் லேசான தூக்க மருந்தும் போகும். கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகுத்தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, இரண்டு பக்கமும் தோலை மரக்கச் செய்வார்கள். அந்த முதல் குத்து எறும்பு கடித்ததுபோல் இருக்கும். பிறகு 15 செண்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ஊசி. நீளத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது முதுகின் ஆழத்துக்கான நீளம். திரையைப் பார்த்துக்கொண்டே முதுகெலும்பின் ஓரமாக வழுக்கி முன்பக்கம் வந்ததும் நிறுத்துவோம். எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைக் கொஞ்சம் விடுவோம். அது பெருந்தமனிக்கு முன்னால் மேகம்போலப் பரவ வேண்டும். ரத்தக் குழாய்க்குள் ஓடிவிடக் கூடாது, பின்னால் தண்டுவடத்தின் பக்கம் ஒழுகக் கூடாது. இந்த ஒரு படத்துக்காகத்தான் ஊசியை நகர்த்தி நகர்த்திப் பார்ப்போம். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேச மாட்டார்கள்.

சாயம் சரியாகப் பரவினால், முதலில் மரக்கச் செய்யும் மருந்து. காலை அசைக்கச் சொல்வோம், பாதம் உணர்ச்சியோடு இருக்கிறதா என்று கேட்போம். எல்லாம் சரியாக இருந்த பிறகே நரம்பைச் செயலிழக்கச் செய்யும் மருந்து உள்ளே போகும். அது மருத்துவத் தரத்தில் சுத்திகரித்த ஆல்கஹால், சில இடங்களில் ஃபீனால். இரண்டு பக்கமும் சேர்த்துப் பொதுவாக 20 முதல் 40 மில்லிலிட்டர். தைப்பூச விரதத்தில் இருப்பவர்களும் தமிழ் முஸ்லிம் அன்பர்களும் இந்த ஆல்கஹாலைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. கேட்பதில் தவறே இல்லை. குடிப்பதற்கு அல்ல, நரம்பின் புரதத்தை உறையவைத்து அதை வேலை செய்யவிடாமல் ஆக்குவதற்கு மட்டும்தான் அது அங்கே போகிறது. மனம் ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்று வழி பேசலாம்.

ஆல்கஹால் போகும்போது முதுகிலும் வயிற்றிலும் எரியும். இதை நான் மறைப்பதில்லை. சில நிமிடங்களில் அடங்கும். சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஓர் அம்மா எழுந்ததும் சொன்னார்: “முதுகுக்குள்ள அடுப்ப மூட்டி அணைச்ச மாதிரி இருந்துச்சுங்க ஐயா.” அன்று பிற்பகல் வார்டுக்குப் போனேன். மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகன் கையில் காப்பிக் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். ஆறு வாரமாக அம்மா படுத்துப் பார்க்கவில்லை என்றான். குரல் எழும்பி எழுப்பிவிடுமோ என்று காதருகே வந்து சொன்னான்.

இன்னொரு வழி வாய் வழியாக. எண்டோஸ்கோபி குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் இருக்கும். அது இரைப்பைக்குள் போய், அதன் பின்சுவருக்கு அப்பால் இருக்கும் பின்னலைப் பார்த்து, அங்கிருந்தே ஊசியைச் செலுத்தும். நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், குப்புறப் படுக்க வேண்டியதில்லை. கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பதும் பெரும்பாலும் இதே குழாய் வழியாகத்தான், அதனால் சில மையங்களில் ஒரே தடவையில் இரண்டையும் முடித்துவிடுகிறார்கள். எந்த வழி நல்லது என்று என்னைக் கேட்டால், அந்த மருத்துவமனையில் எந்த வழியில் கை பழகியவர் இருக்கிறாரோ அந்த வழி நல்லது. “டாக்டர், நீங்கள் இதை அடிக்கடி செய்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி பெரியப்பாவின் பயத்துக்கு வருகிறேன். கால் விளங்காமல் போவது என்பது அவர் கற்பனையாகச் சொன்னதல்ல. நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட 2,730 ஊசிகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 1993-ல் வெளிவந்தது. அதில் 4 பேருக்கு நிரந்தரமாகக் கால் செயலிழந்தது, அதாவது சுமார் 683 பேரில் ஒருவருக்கு. தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் அந்த மருந்தால் சுருங்கிவிடுவது ஒரு காரணம். சாயம் விட்டுப் பார்ப்பதும், காலை அசைக்கச் சொல்வதும், அவசரப்படாமல் செலுத்துவதும் இதைத் தவிர்க்கத்தான். வாய் வழியாகச் செய்தாலும் அரிதாக இது நேர்ந்திருக்கிறது. ஆகவே ‘ஒன்றும் ஆகாது’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். ‘கண்டிப்பாகக் கால் போய்விடும்’ என்பதையும் ஏற்காதீர்கள். 683-ல் ஒன்று என்ற எண்ணை அப்பாவின் முன்னால் வைத்துவிடுங்கள். தினமும் நாற்காலியில் ராத்திரியைக் கழிப்பவருக்கு அந்த எண் எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது என்று எடைபோடத் தெரியும். நமக்குத் தெரியாது.

சாதாரணமாக வருகிற தொந்தரவுகள் வேறு. 24 ஆய்வுகளில் இருந்த 1,145 நோயாளிகளை ஒன்றாகத் தொகுத்து 1995-ல் பார்த்தார்கள். ஊசி போட்ட இடத்தில் சிறிது நேர வலி ஏறக்குறைய எல்லாருக்கும். வயிற்றுப்போக்கு 44 விழுக்காட்டினருக்கு. ரத்த அழுத்தம் இறங்குவது 38 விழுக்காட்டினருக்கு. வயிற்றுப் பக்கத்து ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த நரம்பும் இதோடு சேர்ந்து தளர்ந்துவிடுவதால் ரத்தம் கீழே தேங்குகிறது. முன்கூட்டியே டிரிப்பில் நீர் ஏற்றுவது இதற்காகத்தான். முதல் இரண்டு மூன்று நாள் அப்பா படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு பிடித்துக்கொண்டு எழ வேண்டும். ராத்திரியில் கழிவறைக்குத் தனியாகப் போகவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் தானாக நிற்கும். மார்ஃபினால் நாலைந்து நாள் வெளிக்குப் போகாமல் தவிக்கிறவருக்கு அது தொந்தரவாகவே தெரியாமலும் போகலாம்.

ஊசி போட்டால் வலி முழுதாகப் போய்விடுமா என்றால், சிலருக்கு அப்படித்தான் போகிறது. பலருக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைகிறது, சிலருக்கு ஏமாற்றமாக முடிகிறது. மேலே சொன்ன அதே தொகுப்பில், முதல் இரண்டு வாரத்தில் 89 விழுக்காட்டினர் நல்ல நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். ஆனால் பிற்பாடு, ஊசி போட்டவர்களையும் மருந்தில் மட்டும் இருந்தவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட கடுமையான ஆய்வுகளில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வரவில்லை. வலி குறைந்தது, மார்ஃபின் போன்ற மருந்தின் தேவை பொதுவாகக் குறைந்தது, மலச்சிக்கல் குறைந்தது. அற்புதம் நடக்கும் என்று எதிர்பார்த்து உள்ளே போகிறவர்கள் வாடிப்போய் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பச்சையாகச் சொல்கிறேன். படுத்துத் தூங்க முடிய வேண்டும், மருந்து பாதியாக வேண்டும், காலையில் பசிக்க வேண்டும். இந்த அளவுக்கு எதிர்பாருங்கள்.

ஏன் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை? இந்த ஊசி உள்ளுறுப்பின் வலியை மட்டும்தான் தடுக்கும். மேல்வயிற்றில் ஆழமாக, இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல், பட்டைபோல் முதுகுக்குச் சுற்றி வருவது அந்த வலி. கட்டி வளர்ந்து வயிற்றின் உட்சுவரையோ முதுகுத் தசையையோ எலும்பையோ பிடித்துவிட்டால், அந்த வலி வேறு நரம்பு வழியாகப் போகும். அப்போது நீங்கள் பாலத்தை அடைத்தாலும் அந்த வலி ஃபெரி ஏறி வந்துவிடும். அதோடு, கட்டி பின்னலையே மூடிப் படர்ந்துவிட்டால் நாங்கள் விடும் மருந்து பரவ இடமிருக்காது. வயிற்றில் நீர் கோத்துவிட்டால் குப்புறப் படுக்க முடியாது. மஞ்சள் காமாலை முற்றினால் ரத்தம் உறையும் தன்மை கெட்டு, ஊசி குத்துவதே ஆபத்தாகிவிடும்.

‘இது கடைசிக் கட்டத்தில் போடுவது’ என்ற பேச்சு எனக்கு மனவருத்தம் தருவது இதனால்தான். மருத்துவர்களிலும் பலர் பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். மார்ஃபினைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, இனி முடியாது என்ற பிறகு எங்களிடம் அனுப்புவார்கள். கனடாவின் மொண்ட்ரியாலில் இதை மாற்றிச் செய்து பார்த்தார்கள். ஆபரேஷன் செய்ய முடியாத, வலியுள்ள நோயாளிகள் நூறு பேர் அளவில் எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேருக்கு நோய் உறுதியான அந்த எண்டோஸ்கோபியிலேயே ஊசியையும் போட்டுவிட்டார்கள். 2011-ல் வெளியான முடிவு: மூன்று மாதம் கழித்தும் அவர்களுடைய வலி மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்தபோது, அதற்கு முந்தைய வருடங்களில் காலம் கடந்து வந்த முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். பத்து வாரம் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று இருந்துவிட்டு வந்தார். மேசையில் படுக்க வைக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே மருந்தைச் சரிசெய்து அனுப்பினோம். உங்கள் அண்ணன் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்வது அப்பாமேல் உள்ள பாசத்தில்தான், தெரிகிறது. ஆனால் கட்டி பொறுத்துக்கொண்டு இருக்காது.

ஆயுள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊசி புற்றுநோயைத் தொடுவதில்லை, அதனால் கட்டி சுருங்காது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 137 நோயாளிகளுக்கு ஆபரேஷன் நேரத்திலேயே ஆல்கஹால் அல்லது வெறும் உப்பு நீர் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே வலி இருந்தவர்களில் ஆல்கஹால் பெற்றவர்கள் கூடுதல் காலம் இருந்தார்கள் என்று 1993-ல் எழுதினார்கள். அது பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. 2004-ல் மேயோ கிளினிக்கின் ஆய்வில், 100 பேரில், வலி குறைந்தது, ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து நான் சொல்வது: ஆயுளைக் கூட்டும் என்று நம்பி இதைச் செய்யாதீர்கள், குறைக்கும் என்று பயந்து கைவிடவும் வேண்டாம்.

ஊசியின் பலன் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதம் நிற்கும். நரம்பு மெல்ல மறுபடி முளைக்கும். வலி திரும்பினால் இன்னொரு தடவை போடலாம், ஆனால் இரண்டாவது முறை முதல் முறை அளவுக்கு எடுபடுவதில்லை.

இப்போது அந்த மார்ஃபின் பாட்டில். ஊசி போடும் நாள் வரைக்கும், ஏன் அதற்குப் பிறகும், அப்பாவுக்கு அது வேண்டும். போதைப்பொருளுக்கு மலேசியாவில் எவ்வளவு கடுமையான தண்டனை என்று தெரிந்து வளர்ந்தவர் அவர். லோரி ஓட்டுநராக இருந்தவருக்கு அந்தப் பயம் இன்னும் ஆழமாக இருக்கும். நோய் வலிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்து, பெயர் ஒட்டிய பாட்டிலில் வாங்கி வருவது முறையான மருந்து. போதைக்காகத் தேடி ஓடுவது ஒரு நோய், அது வேறு. வலிக்காக அளந்து குடிப்பவரின் உடம்பு மருந்துக்குப் பழகும், அது உண்மைதான். அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது என்கிறோம். மற்றபடி, பாதி குடிப்பதால் அவருக்கு இரண்டு பக்கமும் நட்டம்: வலியும் அடங்கவில்லை, மலச்சிக்கலும் போகவில்லை. மார்ஃபின் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் மலம் இளக்கும் மருந்தும் கூடவே வேண்டும். நான்கு நாள் கழித்துக் கொடுப்பதில் பயனில்லை, முதல் நாளிலிருந்தே, தினமும். லாக்டுலோஸ் எழுதிக் கொடுத்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பப்பாளியும் வாழைப்பழமும் மட்டும் மார்ஃபினின் மலச்சிக்கலை வெல்லாது.

ஊசி நன்றாக எடுபட்டுவிட்டால் ஒரு புது ஆபத்து வரும், அதை நிறையக் குடும்பங்கள் அறிவதில்லை. வலி இருக்கும்வரை அந்த வலியே நோயாளியை விழிப்பாக வைத்திருக்கும். வலி போன பிறகும் அதே அளவு மார்ஃபினைத் தொடர்ந்தால் அளவுக்கு மீறிய தூக்கம் வரும், மூச்சு மந்தமாகும். ‘வலிதான் போச்சே’ என்று அப்பா ஒரேயடியாக நிறுத்தினாலோ வியர்த்து, நடுங்கி, வயிறு பிசைந்து தவிப்பார். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். முதல் வாரம் அப்பா தூங்கும்போது எழுப்பினால் எழுகிறாரா, பேசுவது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுப்ப முடியாத தூக்கம் என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பா தினமும் வயிற்றுத் தோலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறாரா? கணையப் புற்றுநோயில் காலிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டுவது சகஜம், அதனால் பலருக்கு எனோக்ஸபரின் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாத்திரையும் அப்படித்தான். இவற்றை எப்போது நிறுத்துவது என்பது வலி மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டிய விஷயம், நீங்களாக நிறுத்தினால் ரத்தம் கட்டிவிடும். யாரோ நல்ல மனசோடு கொடுத்த பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்துப் பொடி எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். கீமோ நடப்பதால் ரத்தத் தட்டணுவும் வெள்ளை அணுவும் இறங்கியிருக்கும் நாட்கள் உண்டு. ஆகவே ஊசிக்கான நாளைக் கீமோ அட்டவணையைப் பார்த்துத்தான் குறிப்பார்கள்.

அடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வயிறு உப்பி வலிக்கிறதா, மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கிறதா என்றும் பாருங்கள். கணையம் சுரக்க வேண்டிய செரிமான நொதி குறைந்தால் அப்படி ஆகும். அதற்கு நொதி மாத்திரை உண்டு, சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். அந்தப் பங்கு வலிக்கு எந்த நரம்பு ஊசியும் பதில் சொல்லாது. சின்ன மாத்திரை சொல்லும். இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

எங்கே போவது? பெரிய அரசு மருத்துவமனைகளில் மயக்கவியல் பிரிவின் கீழ் வலிக் கிளினிக் நடக்கிறது. உங்கள் புற்றுநோய் டாக்டரிடமே ‘வலிக் கிளினிக்குக்கு ஒரு ரெஃபரல் கடிதம் வேண்டும்’ என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் எண்டோஸ்கோபி, அறை, மயக்க மருந்து எல்லாம் சேர்த்து மொத்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, காப்புறுதி ஒப்புதல் வந்த பிறகு நாளைக் குறியுங்கள். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹோஸ்பிஸ் (தீராத நோயில் வலி தணிக்கும் பராமரிப்பு) குழுவோடு இப்போதே தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் அப்படிக் குழுக்கள் இருக்கின்றன. கோலாலம்பூர் பக்கத்தில் இதைப் படிக்கிற குடும்பங்களுக்கு, செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-லிருந்து இந்தப் பணியைச் செய்கிறது. ஹோஸ்பிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வாடுகிறது, தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா வலியில் துடிக்கும்போது எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று போனில் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அதன் முதல் பயன்.

கடைசியாக, அந்தக் கிளினிக் அறையைப் பற்றி. மலேசிய சுகாதார அமைச்சு 2008-லிருந்து வலியையும் நாடி, ரத்த அழுத்தம் போல ஐந்தாவது உயிர்க்குறியாகக் குறிக்கச் சொல்லியிருக்கிறது. அதனால் உட்கார்ந்ததும் நர்ஸ் கேட்பார்: “பாக்சிக், சாகிட் பெராபா? (ஐயா, வலி எவ்வளவு?) பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?” உங்கள் அப்பா வயதுக்காரர்கள் பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே “சிக்கிட் சாஜா” என்பார்கள். கொஞ்சந்தான். அட்டையில் 3 என்று ஏறிவிடும். அந்த 3-ஐப் பார்க்கிற டாக்டருக்கு நாற்காலி தெரியாது, மேசைமேல் இருக்கும் தலையணை தெரியாது. ஆகவே இன்று ராத்திரியிலிருந்து ஒரு சின்ன நோட்டில் மூன்று எண் எழுதிக்கொண்டு வாருங்கள்: உட்கார்ந்திருக்கும்போது எத்தனை, படுத்தால் எத்தனை, சாப்பிட்ட பிறகு எத்தனை. எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை மில்லி மருந்து குடித்தார் என்றும் எழுதுங்கள். அதைக் கிளினிக்கில் கொடுங்கள். “எங்கே வலிக்கிறது, ஊசி போட்டுக்கொள்ள விருப்பமா?” என்று டாக்டர் கேட்கும்போது நீங்களும் அண்ணனும் பதில் சொல்லாமல் இருங்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். இருக்கட்டும். அவரே சொல்லட்டும்.